யாரும் கேட்காத இரண்டரை நிமிடம்

விமானப் பணிப்பெண் வேலையில் பறப்பது சுலபம். பறப்பதற்கு முன்னால் இரண்டரை நிமிடம் பேசுவதுதான் கஷ்டம். பெல்ட்டை இப்படி மாட்டுங்கள், முகமூடி விழுந்தால் இப்படி இழுங்கள், கதவு இங்கே இருக்கிறது என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுவோம். நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பாதிப் பேர் செல்போனில் வீட்டுக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் ஜன்னல் வழியாகத் தங்கள் பெட்டி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கடைசி பெஞ்சு தூங்கத் தூங்கப் பாடம் நடத்தும் ஆசிரியர்களே, "உள்ளே தள்ளிப் போங்க" என்று தொண்டை வற்றக் கத்தும் கண்டக்டர்களே, சாப்பாட்டுக்குப் பிறகுதான் மாத்திரை என்று ஏழாவது முறையாகச் சொல்லும் நர்ஸ்களே, நீங்களெல்லாம் என் ஜாதி. உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

நான் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் தெரியுமல்லவா, ஒரே கூரை, ஒரே வராந்தா, வரிசையாகக் கதவுகள். கொச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பறக்கிறேன். அம்மா இன்னும் அதே லயத்தில் தனியாக இருக்கிறாள். லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக மலை. ஒவ்வொரு மழைக்கும் வில்லேஜ் ஆபீஸ் ஜீப் வந்து, மைக்கில் "கேம்ப்புக்குப் போங்கள்" என்று கூவிவிட்டுப் போகும். அம்மா போகமாட்டாள். ஊரார் உயிருக்கெல்லாம் வழி சொல்லிச் சம்பளம் வாங்கும் எனக்கு, அந்த ஒருத்தியின் காதில் ஒரு வார்த்தையை ஏற்ற முடியவில்லை. இரவு பகலாக எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

சாட்சி கேட்டவர்

கோயம்புத்தூரிலிருந்து சார்ஜா போகும் விமானம். மூன்றாவது வரிசையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், சலவை வேட்டியோடு மகனைப் பார்க்கப் போகிறார். முதல் பயணம். நான் முகமூடியை மாட்டிக் காட்டியபோது அவர் ஒருவர்தான் நிமிர்ந்து பார்த்தார். கண் கொட்டாமல் பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்காகவே உயிர்காப்பு உடையின் நாடாவை மெதுவாக, அழகாகக் கட்டிக் காட்டினேன்.

எல்லாம் முடிந்து பெல்ட் சரிபார்க்க வந்தபோது என்னைக் கையமர்த்தி நிறுத்தினார். பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தணித்துக்கொண்டார். அவர் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. "ஏனுங்க அம்மிணி, நீங்க சொன்னதையெல்லாம் செஞ்சு, கடல்ல உழுந்து, பொழச்சு ஊடு வந்து சேந்தவிங்க ஆராச்சு ஒருத்தரை நீங்க நேர்ல பாத்திருக்கறீங்களா?"

முந்திக்கொண்ட உதடுகள்

கொச்சியிலிருந்து டில்லி. பதினான்காவது வரிசை ஜன்னலோரத்தில் ஒரு மாமி, பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். அன்று மைக் இன்னொருத்தி கையில். நான் நடுவில் நின்று செய்து காட்டுகிறேன். மாமியின் உதடுகள் அசைந்தன. சுலோகம் சொல்கிறாராக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், மைக்கில் வரும் வார்த்தைகளையே சொல்கிறார். அதுவும் மைக்கில் வருவதற்கு ஒரு நொடி முன்னால். "குழந்தையுடன் பயணிப்பவர்கள்" என்று அவர் உதடு முடித்த பிறகுதான் ஒலிபெருக்கி ஆரம்பித்தது. அதைப் பார்த்துக்கொண்டே பெல்ட்டைத் தப்பாகக் கோத்துவிட்டேன்.

காபி கொடுக்கும்போது, நிறைய விமானத்தில் போயிருக்கிறீர்களா மாமி என்று கேட்டேன். இதுதான் முதல் தடவை என்றார். அவர் பெண்ணும் எங்களைப் போலத்தான் வேலை பார்த்தாளாம். பயிற்சிக் காலத்தில் வீட்டுக் கண்ணாடி முன் நின்று தினமும் ஒப்பிப்பாளாம். இப்போது எந்த விமானத்தில் இருக்கிறாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மாமி காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, வெகு சாதாரணமாகச் சொன்னார்: "அவ போயி மூணு வருஷமாறதுடி கொழந்தே. காலம்பற நான் காபி கலக்கறச்சே இன்னும் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிண்டுதான் இருக்கா. அந்தப் பழக்கம்தான்."

பைக்குள் எரிந்த விளக்கு

இருக்கைக்கு அடியில் இருக்கும் உயிர்காப்பு உடையைச் சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நாங்கள் சொல்வதைக் கேட்காத ஜனம், காட்டும் பொருளை மட்டும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளும். அதன் தோளில் ஒரு சின்ன விளக்கு உண்டு. தண்ணீர் பட்டால் தானாக எரியும். அதையும் நாங்கள்தான் சொல்கிறோம், அதையும் யாரும் கேட்பதில்லை.

கொச்சியில் ஆனி மாதத்து மழை. பயணிகள் படியிறங்கிப் போகிறார்கள். ஒருவர் தோளில் துணிப்பை. மழையில் நனைந்து கொண்டிருக்கிறது. பாதி வழியில் அந்தப் பைக்குள் மினுக்கென்று ஒரு வெளிச்சம். அவருக்கு அது தெரியவில்லை. சாம்பல் நிற மழைக்குள் அவர் நடக்க நடக்க, நெஞ்சுக்குப் பக்கத்தில் ஏதோ எரிந்துகொண்டே போகிறது. கூப்பிட்டேன். திரும்பி வந்து, மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். எங்கள் மலைக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. இது எதற்கு அண்ணே என்று கேட்டேன். விளக்கு என் கையில் எரிந்துகொண்டே இருந்தது. "நாங்க அணைக்குக் கீழ குடியிருக்கோம் சிஸ்டர். ஒங்களுக்கு இது என்னைக்காவது ஒரு நாள் வேணும், எங்களுக்கு மழை பேயுற அன்னைக்கெல்லாம் வேணும்."

கண்ணை மூடிக் கேட்டவர்

கஞ்சிக்கோட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் ஷிப்ட் சூப்பர்வைசர். மும்பைக்குப் போகிறார். நாங்கள் பேச ஆரம்பித்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பேச்சு முடியும்வரை திறக்கவேயில்லை. எனக்குக் கோபம். "சார், தூக்கம் நல்லா வந்துச்சா?" என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, பின்பக்கக் கதவு தனக்கு ஏழாவது வரிசை, முன்பக்கக் கதவு இருபத்துமூன்றாவது வரிசை என்று சொன்னார். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஏறும்போதே கடைசி வரிசை வரை போய், ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தொட்டு எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆலையில் ஒருமுறை தீப்பிடித்ததாம். புகையில் தன் கையே தனக்குத் தெரியவில்லையாம். இவர் சுவரைத் தொட்டு, தூண்களை எண்ணி வெளியே வந்தவர். "அன்னிக்குக் கண்ணை நம்புனவிங்க ஆருமே வெளிய வரலீங்க. இப்பவும் அந்த மூணாவது மிசின்கிட்டப் போனா, கதவு எந்தப் பக்கம்னு அவிங்க கேக்கற மாதிரியே இருக்குதுங்க."

இருபத்திரண்டாவது வரிசையில் என் அம்மா

சலுகை டிக்கெட்டில் அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப் போனேன். அன்று நானே பணியில், தமிழ் அறிவிப்பும் நானே. இன்றைக்காவது இவள் காதில் ஏறும் என்று, மைக்கில் பேசி முடித்ததும் இருபத்திரண்டாவது வரிசைக்கு நேராகப் போய் நின்றுகொண்டேன். அவளுக்காகவே கையை நீட்டினேன், அவளுக்காகவே கதவைக் காட்டினேன். அவளும் என்னையே பார்த்தாள். சென்னையில் இறங்கியதும் கேட்டேன், நான் என்ன சொன்னேன் சொல்லு பார்ப்போம் என்று. "நல்லா மெலிஞ்சிட்டே" என்றாள்.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவ்வளவு ஜனத்தின் நடுவில் திட்டிவிட்டேன். அம்மாவுக்குக் கோபமே வரவில்லை. எஸ்டேட்டில் தினமும் காலை பெரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். கங்காணி பேரைக் கூப்பிட்டு இன்ன மலைக்குப் போ என்பார். பேர் வருவதற்கு முன்னால் அவர் என்ன கத்தினாலும் அது பொதுவாகக் கத்துவது, யாரும் காதில் வாங்குவதில்லை. முப்பது வருஷமாக அம்மா அப்படித்தான் நின்றிருக்கிறாள். ஜீப்பில் வரும் மைக்கும் அவளுக்கு அந்தக் கணக்குத்தான். "நீ எம்பேரச் சொல்லலியே ஏட்டி. பேரச் சொன்னாத்தானே அது நமக்கு?"

ஐந்து கதவு

அடுத்த மழைக்கு முன்னால் லீவு போட்டு ஊருக்குப் போனேன். வீட்டின் பின்சுவரில் புதிதாக ஒரு விரிசல். விரலை விட்டேன், இரண்டு கணு உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்தது. மலை மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அம்மா அதற்கு மேல் காலண்டரை மாட்டி வைத்திருந்தாள்.

கஞ்சிக்கோட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். துண்டால் அம்மாவின் கண்ணைக் கட்டினேன். வராந்தாவில் கதவைத் தொட்டு எண்ணச் சொன்னேன். ஐந்து கதவு, மூன்று படி, அப்புறம் நேரே பெரட்டுக்களம். அங்கே போய்விட்டால் மலை எட்டாது. அம்மா இரண்டாவது கதவிலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவதில் துண்டை விலக்கிப் பார்த்தாள். லயமே வேடிக்கை பார்த்தது. பக்கத்து வீட்டுச் செல்வி அக்காதான் சத்தமாகச் சொன்னாள்: "ஒங்க மக நம்ம லயத்தையே தூக்கிப் பறக்க விடப் போறா, பாத்துக்கிடுங்க!"

காதில் பாட்டுக் கேட்டவர்

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு மதியம். கோயம்புத்தூரில் விமானக் கதவைச் சாத்தியாயிற்று. தமிழ் அறிவிப்பு என்னுடையது. அட்டையைப் பார்த்து வாசித்தேன். வழக்கம்போல யாரும் கேட்கவில்லை. எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தெரியவில்லை.

மேலே போய் தண்ணீர் கொடுக்க வந்தபோது முதல் வரிசையில் ஒருவர் காதிலிருந்த கருவியைக் கழற்றினார். வாளையாரில் லாரி அலுவலகம் வைத்திருப்பவராம், வாரம் ஒருமுறை பறக்கிறவர். ஏறும்போதே காதை அடைத்துக்கொண்டவர், எங்கள் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார். "இதைப் போட்டுட்டா இடி உழுந்தாலும் எனக்குக் கேக்காதுங்க. இன்னிக்கு ஒரே ஒரு பேரு மட்டும் பாட்டுக்குள்ள பூந்து கேட்டுதுங்க. மொதல்ல கூப்புட்டீங்களே, ஆருங்க அந்த இசக்கியம்மா?"

இசக்கியம்மா என் அம்மாவின் பேர்.

கூப்பிட்ட குரல்

இறங்கியதும் போனைத் திறந்தேன். செல்வி அக்காவிடமிருந்து பதினொரு அழைப்பு. திரும்பக் கூப்பிட்டேன். லயத்தின் பின்பாதி மண்ணுக்குள் போய்விட்டது. எல்லாரும் மலைக்கு வேலைக்குப் போயிருந்தார்கள். காய்ச்சலென்று வீட்டில் படுத்திருந்தது அம்மா ஒருத்திதான். முழுதாகக் கேட்பதற்கு முன்னாலேயே விமானத்தின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். "அம்மா கேம்ப்ல கெடக்கா, உசுரோட கெடக்கா" என்று செல்வி அக்கா நான்கு முறை சொன்ன பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக் கேம்ப்பில் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்து பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கண் அசந்திருக்கிறாள். மழை இருட்டு, கரண்ட் இல்லை, வீட்டுக்குள் வரை மஞ்சு என்கிற மூடுபனி இறங்கியிருக்கிறது. வாசலில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். கங்காணி என்று எழுந்தால், குரல் என்னுடையதாம். விமானத்தில் பேசும் அந்த மைக்குக் குரல். பெல்ட்டு, முகமூடி, கதவு என்று ஒன்றுவிடாமல் சொல்லியதாம். அம்மா வெளியே வந்து பார்த்தால் மஞ்சைத் தவிர ஒன்றுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தொட்டு எண்ணியிருக்கிறாள். ஐந்து. படி மூன்று. பெரட்டுக்களத்தில் கால் வைத்ததும் பின்னால் சத்தம் கேட்டதாம்.

நான் அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கவில்லை; கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மா என் தலையைத் தடவினாள். "எதுக்கு ஏட்டி அழுத? முப்பது வருசத்துல பேரச் சொல்லிக் கூப்புட்டு நா போவாம இருந்திருக்கனா?"

யாருமே கேட்பதில்லை என்று இத்தனை வருஷம் புலம்பிய நான், இப்போது மைக்கை எடுக்கும்போதெல்லாம், இன்றைக்கு யார் பேரும் வாயில் வந்துவிடக் கூடாதே, வந்தால் அவர்களுக்குக் கேட்காமல் போய்விடக் கூடாதே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன்.