பலகைக்கு அந்தப் பக்கம்

என் மாமா ஒரு ராஜ்யத்தின் எல்லையையே தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர். சொன்னால் சிரிப்பீர்கள். எல்லை என்றால் ஒரு பலகைதான். இந்தப் பக்கம் சென்னை ராஜ்யம் என்றும் அந்தப் பக்கம் ஆந்திர ராஜ்யம் என்றும் எழுதி, ஒரு பனங்கட்டையில் அறைந்து, திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகிற சாலையில் எங்கள் ஊருக்குக் கொஞ்சம் முன்னால் நட்டு வைத்திருந்தார்கள்.

ஆந்திரா தனியாகப் பிரிந்தபோது எங்கள் தாலுக்கா சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போய்விட்டது. பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள், ரயிலை மறித்தார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். என் மாமாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆள் அரவமில்லாத மத்தியான வெயிலில் போய் அந்தப் பலகையைப் பிடுங்குவார். ஊரைத் தாண்டி அம்மன் கோயில் முனையில் நட்டுவிட்டு, நேராக எங்கள் வீட்டுக்கு வந்து மணைப் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊர் மெட்ராஸோடு சேர்ந்துவிட்டது, சோறு போடு என்று அம்மாவிடம் சொல்வார். மறுநாள் சர்க்கார் ஆள் வந்து திட்டிக்கொண்டே பலகையைத் திருப்பி நடுவான். கொஞ்ச நாள் கழித்து ஊர் மறுபடியும் மெட்ராஸில் சேரும்.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் அவள் இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. அடுத்த தெருவில் தறி போட்டுத் தனியாக இருந்தாலும் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒருநாள் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வந்தபோது முதுகெல்லாம் பட்டை பட்டையாக வீங்கியிருந்தது. அம்மா எண்ணெய் காய்ச்சித் தடவினாள். தடவி முடித்ததும் அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று அம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கல்லின்மேல் கற்பூரம் ஏற்றினாள். "அடிச்சி அணை" என்றாள்.

மாமா மென்று விழுங்கினார். பிறகு, அக்கா தலைமேல் சத்தியம், இனி அந்தப் பலகையைத் தொடமாட்டேன் என்று சொல்லி எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். எங்கள் பக்கத்தில் கற்பூரம் அடித்துவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது. மீறினால் அது யார் தலைமேல் வைத்த சத்தியமோ அவர் தலைக்கு வரும். குழந்தைகள்கூட விளையாட்டுக்கு அதைச் செய்ய மாட்டோம். சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. கட்டையைச் சுற்றிக் கருங்கல் ஜல்லியை இடித்து இறுக்கிவிட்டுப் போனது.

அந்தச் சித்திரையில்தான் எங்கள் தெரு பற்றிக்கொண்டது.

தெரு என்று பெயர். உண்மையில் ஒரு முட்டுச்சந்து. இரண்டு பக்கமும் கூரை வீடுகள், வீட்டுக்கு வீடு தறி. சந்தின் வாயில் ஒரு வைக்கோல் போர். கடைசி வீடு எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் சப்பாத்திக்கள்ளி வேலி, ஒரு நாய்கூட நுழைய முடியாது. நைனா நெய்த துணியைக் கொடுக்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போயிருந்தார். நான் மாமா வீட்டில் நுங்கு தின்றுகொண்டிருந்தேன். அம்மா மட்டும் வீட்டில், தம்பிப் பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தாள்.

வைக்கோல் போரில் எப்படி நெருப்பு விழுந்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. காற்று வேறு. நாங்கள் ஓடிப் போவதற்குள் சந்தின் வாய் முழுக்க நெருப்பு. முன் வீடுகளில் இருந்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். ஒரு கூரை சரிந்து சந்தின் குறுக்கே விழுந்தது. அதற்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அதில் என் அம்மாவும் பாப்பாவும். அவள் குரல் கேட்டது. மாமாவைத்தான் தம்பி தம்பி என்று கூப்பிட்டாள், சாமியைக் கூப்பிடவில்லை. மாமா இரண்டு தரம் நெருப்புக்குள் பாய்ந்தார். இரண்டு தரமும் மீசை கருகித் திரும்பினார்.

கோடை. கிணற்றில் குடம் முங்கத் தண்ணீர் இல்லை. சிலர் கொடுவாளோடு பின்பக்கம் போய்க் கள்ளியை வெட்ட ஆரம்பித்தார்கள். வெட்ட வெட்டப் பால் வழிந்ததே தவிர வழி வரவில்லை.

அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது. டங்கு டங்கென்று சாலையில் சிவப்பு வண்டி வந்தது. அதை வரவழைத்ததே ஒரு திருட்டு வேலை. எங்கள் ஊருக்கு சித்தூரிலிருந்துதான் வண்டி வர வேண்டும். அது எப்போது வந்து எப்போது அணைக்க? பலகைக்கு அந்தப் பக்கம் மெட்ராஸைச் சேர்ந்த அடுத்த ஊரில் ஒரு அரிசி மில், அதில் போன் இருந்தது. எங்கள் புகையைப் பார்த்த மில் கணக்குப்பிள்ளை தன் ஊரில் தீ என்று சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். புண்ணியவான். வண்டி நம்பி வந்தது. மில்லைத் தாண்டியது. தீ எங்கே, தீ எங்கே என்று தேடிக்கொண்டே பலகை வரைக்கும் வந்தது. பலகைக்கு முன்னால் நின்றுவிட்டது.

நானும் மாமாவும் மணியக்காரரும் இன்னும் சில பேரும் அங்கே ஓடினோம். வண்டியின் வயிறு நிறையத் தண்ணீர். அடியில் சொட்டிக்கொண்டிருந்தது, மண் ஈரமாகிக்கொண்டிருந்தது. அங்கிருந்து எங்கள் சந்து கூப்பிடு தூரம். பித்தளைத் தொப்பி போட்ட ஆபீசர் இறங்கி, புகையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். இது ஆந்திரா, என் வண்டி வராது என்றார்.

மணியக்காரர் கும்பிட்டார். மாமா காலிலேயே விழுந்தார். "எங்கக்கா உள்ள கீது சார். கைக்கொழந்தையோட கீது."

ஆபீசர் கெட்டவர் மாதிரிப் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தணிந்த குரலில் விளக்கினார். போன வருஷம் இன்னொருத்தர் இப்படித்தான் எல்லை தாண்டிப் போய் ஒரு கொட்டகையை அணைத்துவிட்டு வந்தாராம். சபாஷ் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, சஸ்பெண்டு செய்தார்களாம், அவருக்கு நான்கு பெண் பிள்ளைகளாம். மேலிடத்தில் கேட்க வேண்டும், மேலிடம் ஆந்திரா மேலிடத்தைக் கேட்க வேண்டும். அப்படியானால் வண்டி இங்கேயே நிற்கட்டும், குழாயை மட்டும் நீட்டுங்கள் என்று மணியக்காரர் கெஞ்சினார். குழாயும் மெட்ராஸ் சர்க்கார் குழாய் என்றார் ஆபீசர். அடப்பாவி, தண்ணீருக்கு என்னய்யா தமிழும் தெலுங்கும்! வண்டியில் வந்த ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் குழாயை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, போடவும் முடியாமல் சுருட்டவும் முடியாமல் தவித்தார்.

பிறகு ஆபீசர் ஒன்று சொன்னார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, பலகையைப் பார்த்தே சொன்னார். "இந்தப் பலகை எங்க நிக்குதோ, அதுவரைக்கும்தான் என் வண்டி போகும்." கொஞ்சம் நிறுத்தி, அதையே திரும்ப ஒருமுறை சொன்னார்.

எல்லோருக்கும் புரிந்துவிட்டது. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள்.

மாமா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "அக்கா தலமேல கற்பூரம் அடிச்சிக்கீறேன்" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மணியக்காரரும் மற்றவர்களும் பாய்ந்து போய்க் கட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அது அசையவில்லை. மாமா கையைக் கட்டியபடியே அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடினார். இழுக்காதே, ஆட்டு, கிழக்கே தள்ளு, இப்போது மேற்கே, தோளைக் கொடுத்து நெம்பு என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். ஜல்லி இறுகிக் கிடந்தது. அவர்களுக்கு அந்தக் கட்டையின் போக்குப் பிடிபடவில்லை.

அப்போது இன்னொரு கூரை இறங்கிய சத்தம் கேட்டது. அதுவரை புகைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த அம்மாவின் குரல் நின்றுவிட்டது.

மாமா எல்லோரையும் இடித்துத் தள்ளிவிட்டுக் கட்டையைக் கட்டிப் பிடித்தார். இந்தப் பக்கம் ஒரு ஆட்டு, அந்தப் பக்கம் ஒரு ஆட்டு. ஜல்லி சிதறியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தூக்கு. பலகை அவர் தோளுக்கு வந்தது. அவர் ஓடினார். நெருப்பைத் தாண்டி, ஊரைத் தாண்டி, அம்மன் கோயில் முனை வரைக்கும் ஓடினார். ஆபீசர் ஓட்டு என்று டிரைவரிடம் சொன்னார். வண்டி மணியடித்துக்கொண்டு மாமாவின் பின்னால் ஊருக்குள் நுழைந்தது.

அணைப்பது என்று இறங்கிய பிறகு அவர்கள் மாய்ந்து மாய்ந்துதான் வேலை செய்தார்கள், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகும். சந்தின் வாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இரண்டு பேர் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார்கள். நான் மாமாவிடம் ஓடினேன். அங்கே குழி தோண்ட நேரமில்லை. அவர் பலகையை நிமிர்த்தி, தானே கட்டை மாதிரிக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். கையை விட்டால் பலகை விழும், பலகை விழுந்தால் வண்டி நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். அக்கா இருக்கிறாளா இல்லையா என்று போய்ப் பார்க்கவும் முடியாது. அம்மன் சன்னதிக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் திரும்பாமல், என்னிடம் சொன்னார். "நீ போய்ப் பாத்துட்டு வா கண்ணு."

நான் போனேன். ஈரச்சாக்கு போர்த்தியவர் கையில் பாப்பா வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. பின்னாலேயே அம்மா வந்தாள். தலைமுடி ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது, இருமல் நிற்கவில்லை, ஆனால் தன் காலால் நடந்து வந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மாவுக்குப் புகை தொண்டையை அடைத்துத்தான் குரல் வரவில்லையாம். நான் மூச்சு வாங்க ஓடி மாமாவிடம் சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். வண்டி போகிற வரைக்கும் பலகையை விடவில்லை.

உயிர்ச்சேதம் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். பேச்சு நடந்த நேரத்தில் எரிந்துபோன வீடுகளும் தறிகளும் உயிரில்லாதவைதானே! சித்தூரிலிருந்து வர வேண்டிய வண்டி விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து, சாம்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, டீ கிடைக்குமா என்று கேட்டது. பிறகு இரண்டு ராஜ்யத்து அதிகாரிகளும் விசாரணைக்கு வந்தார்கள். யார் வீடு போயிற்று, இனி எங்கே படுப்பீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. தீப்பிடித்தபோது பலகை எங்கே இருந்தது என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள். ஊரே ஒற்றுமையாக, அது அம்மன் கோயில் முனையில் நின்றதென்று சொன்னது. ஆபீசரும் அதையே சொன்னாராம். அவர் வேலை தப்பித்தது.

தப்பிக்காதவர் என் மாமா. அன்றைக்குச் சாயங்காலமே அம்மா, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனாள். தம்பி என்று கூப்பிட்டாள். மாமா நடுத்தெருவில் நின்று, ஊர் கேட்கக் கத்தினார். "யாரு நீ? எனக்கு அக்கான்னு ஒருத்தியும் கெடையாது. போ."

அம்மா பாப்பாவை இறுக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாங்கள் கூரையைத் திரும்பப் போட்டுக் குடியேறிய பிறகும் அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எங்கள் மணைப் பலகை எரிந்துபோனதால்தான் வரவில்லையோ என்றுகூட நினைத்தேன், அவ்வளவுதான் என் புத்தி. வழியில் என்னைப் பார்த்தால் மட்டும் நிறுத்தி, வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்பார். அம்மா என்ற வார்த்தை வாயில் வராது. ஒருநாள், அம்மாவுக்கு ஜுரம் என்றேன். அவர் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கச் சொல்லி இழுத்தேன், எழவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம், உன் தம்பிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்னேன். அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்து, தன் தலையைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். எனக்குப் புரியவில்லை.

தை மாதம் அதே அம்மன் கோயிலில் பாப்பாவுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அம்மா போய் அழைக்கவில்லை. நைனாவின் பங்காளி ஒருவரை உட்கார வைத்தார்கள். மாமா எதிர்ச் சாரியில் புங்கமரத்தடியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். யாரும் கூப்பிடவில்லை, அவரும் போகவில்லை. ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, தாய்மாமன் எங்கேயம்மா என்று கேட்டார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். சன்னதியைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "எனக்குக் கூடப் பொறந்தவன்னு யாரும் இல்ல. நான் யாருக்கும் அக்காவும் இல்ல."

பாப்பா வீல் என்று அழுதது. எதிர்ச் சாரியில் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குப் பொறுக்கவில்லை. தன்னை உயிரோடு வெளியே கொண்டுவந்தவனை இப்படி ஊரறிய அறுத்துவிட்டாளே, இவள் ஒரு பெண்ணா என்று அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்றைக்குப் பாயசத்தைத் தொடாமல் படுத்துக்கொண்டேன். அக்காவே இல்லையென்றால் அக்கா தலைமேல் வைத்த சத்தியம் யார் தலைக்கு வரும்? அந்த ஒரு வார்த்தையை அக்கா தன் வாயால் அம்மன் காதில் போடுவாளா மாட்டாளா என்று பார்க்கத்தான் மாமா அவ்வளவு நேரம் அங்கே நின்றார் என்பதும், அவர் அழுதது நிம்மதியில் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.