எங்களை இன்டர்வியூ எடுத்த பொண்ணு

இன்னைக்கு எங்க துணிக்கடையில சேல்ஸுக்கு ஆள் எடுத்தாங்க. நான் சூப்பர்வைசர்ங்கிறதால முதலாளி பக்கத்துல நின்னேன்.

பக்கத்துல சாரம் ஏரியாவுலேர்ந்து ஸ்டெல்லான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. இப்பதான் பி.காம் முடிச்சிருக்கு. முதலாளி எல்லாம் கேட்டுட்டு, "நீ ஏதாவது கேக்கணுமாம்மா?"ன்னார். சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

"ரெண்டு கேள்வி சார். கஸ்டமர் இல்லாதப்ப உக்காரலாமா? நல்லா வேலை செஞ்சா அடுத்து என்ன ஆவேன்?"

புடவை மடிச்சிட்டிருந்த எங்க பொண்ணுங்க கை அப்படியே நின்னுடுச்சு.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீங்கல்லாம் உக்காரவே மாட்டீங்களா?"

"எதுல சார் உக்கார்றது?"ன்னேன். கடையில இருக்கிற ஒரே நாற்காலியில அவர்தான் உக்காந்திருந்தார்.

கோவப்படுவார்னு பயந்தேன். மனுஷன் சிரிச்சுட்டார். "சரி, ஸ்டூல் வாங்கிடலாம். நல்லா செஞ்சா செக்‌ஷன் இன்சார்ஜ் ஆக்குறேன். நாளைக்கே வர்றியா?"

"இங்க மேட்டுப்பாளையம் எஸ்டேட்டுல ஒரு கம்பெனியிலயும் கூப்பிட்டிருக்காங்க சார். யோசிச்சு சொல்றேன்"னு கும்பிட்டுட்டுக் கிளம்பிடுச்சு.

சாயங்காலமே ஸ்டூல் வந்துடுச்சு. அதுல உக்காந்துதான் இதை டைப் பண்றேன். முதலாளி வேற, "அந்தப் பொண்ணு போன் பண்ணுச்சா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கார்.

நாங்க பாஸா ஃபெயிலா? நீங்களே சொல்லுங்க.