சவுக்குமேட்டில் வண்டி நின்ற நாள்

சவுக்குமேட்டு ஸ்டேஷனை மூடிய பிறகும் அங்கே ஒரு நாள் வண்டி நின்றதே, அது கைகாட்டிக் கோளாறாம். இப்படி எவனாவது ஒருவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிற்று. கைகாட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வண்டியை நிறுத்தியது சிலுவையம்மாளின் தோசைக்கல்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே மணல்மேட்டில் ஒரு தகரக் கொட்டகை, அதுதான் ஸ்டேஷன். அங்கே மீன்கூடை ஏற்றும் பெண்களில் சிலுவையம்மாள் பெரிய வாய்க்காரி. அவள் அதட்டினால் அலை ஒரு அடி பின்னால் போகும் என்பார்கள். புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு மகள் ஃப்ளோராவைத் தனியாக வளர்த்தவள். தினமும் கிழங்கா மீன் வறுத்து, என்ஜின் டிரைவர் வால்டர் துரைக்கு மந்தார இலையில் நீட்டுவாள். அவர் தின்று கை கழுவுவதற்குள் அத்தனை கூடையும் ஏறிவிடும்.

இருபத்தொன்பதாம் வருஷம், வருமானம் போதவில்லையென்று திடுதிப்பென ஸ்டேஷனை மூடினார்கள். போர்ட்டர் லூயிசை ராயபுரத்துக்கு மாற்றினார்கள்; அவன் இன்னும் கிளம்பவில்லை. மறுநாள் ஃப்ளோராவுக்குக் கல்யாணம். ராயபுரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஜனம் காலை வண்டியில் வருகிறது. வண்டி நிற்காமல் எண்ணூர் போய், அவர்கள் மணலில் திரும்பி நடந்து வருவதற்குள் மாதா கோயில் சாமியார் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணத்துக்கு மறுநாளே தவக்காலம். ஈஸ்டர் வரை கோயிலில் தாலி ஏறாது.

கல்யாணத்தன்று காலையில் சிலுவையம்மாள் மேடையில் லூயிசைப் பிடித்துக்கொண்டாள். "லூயிசு, தண்டவாளத்துல நின்னு கைய காட்டு நைனா."

"இன்னா வெள்ளாட்றியா? கீற வேலயும் பூடும்."

"பூட்டா என்னாண்ட வந்து கூட தூக்கு."

"உன்னாண்டயா? அதுக்குக் கடல்ல குதிக்கலாம்."

"அப்போ கம்முனு குந்து."

மேடையிலேயே மூன்று கல்லைக் கூட்டி, சவுக்கு மிளாறு கொளுத்தி, தோசைக்கல்லை ஏற்றினாள். எண்ணெயில் மீன் சுள்ளென்றது. வாடைக்காற்று அந்த மணத்தை வண்டி வரும் தெற்கே தள்ளிக்கொண்டு போயிற்று. முறைத்துக்கொண்டிருந்த லூயிசுக்கே நாக்கில் எச்சில் ஊறியது.

வண்டி ஊதிக்கொண்டு வந்தது. வேகம் குறையவில்லை. சிலுவையம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரு கிறீச்சொலி. என்ஜின் சரியாக அடுப்புக்கு எதிரே வந்து நின்றது.

வால்டர் துரை எட்டிப் பார்த்தார். "சிலுவே! இஸ்டேஷன் மூடியாச்சு, தெரியாது?"

"இஸ்டேஷனத்தான் மூட்னாங்கோ தொர, அடுப்ப யாரு மூட்னது?"

துரை வயிறு குலுங்கச் சிரித்து இலையை வாங்கிக்கொண்டார். அவர் முள் எடுப்பதற்குள் மாப்பிள்ளை, மேளம், பூக்கூடை எல்லாம் இறங்கின. சம்பந்தியம்மாள் மணலில் உருண்டு, சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

பின்னாலிருந்து கார்டு கத்தினார்: "யோவ், பச்சைக்கொடி எங்கே?"

லூயிசிடம் ஏது கொடி? ஸ்டேஷனோடு அதையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே. சிலுவையம்மாள் பந்திக்கு வைத்திருந்த இலைக்கட்டிலிருந்து ஒரு வாழையிலையை உருவி அவன் கையில் திணித்தாள். அந்த மேடையில் அவள் அவனிடம் கேட்ட கடைசி வேலை அதுதான்:

"மாப்ள எறங்கிட்டாரு. இத்த ஆட்டு நைனா, வண்டி போவட்டும்."