மரண அறிவித்தலில் இல்லாத மகள்

போன மாதம் ஒரு காலை. ஸ்காபரோவின் மல்வேர்னில் எங்கள் பக்கத்து டவுன்ஹவுஸ்காரி கதவைத் தட்டினாள். என்னை அண்ணை என்று கூப்பிடுகிறவள். முதியோர் இல்லமொன்றில் வேலை. பெயரை இப்போதைக்கு விடுங்கள்.

"அண்ணை, மன்னாரிலை அப்பா மோசம் போயிட்டார். மரண நோட்டீஸ் எழுதித் தாறீங்களோ?" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அதிலை என்ரை பேரைப் போடாதேங்கோ..."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? மகன் (லண்டன்), மகள் (கனடா), மருமகன் (பாரிஸ்)... ஒருமுறை ஒரு மருமகனை நான் மறந்துபோய் விட்டுவிட்டேன். இன்றைக்கும் அந்த மனுஷன் ஸ்காபரோ பிளாசாவில் என்னைக் கண்டால் பக்கத்துக் கடைக்குள் நுழைந்துவிடுகிறார். பெயர் விடுபட்டதற்குச் சண்டை பிடித்தவர்கள் எத்தனையோ பேர். விடச் சொல்லிக் கேட்டவள் இவள் ஒருத்திதான். அதுவும் பெற்ற தகப்பனின் அறிவித்தலில்!

காரணம் என்ன?

ஒட்டாவா நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் பேசப்படுகிறது. வெளிநாட்டு அரசு ஒன்று இங்கே வாழும் மக்களை வேவு பார்த்தால், ஊரிலிருக்கும் உறவுகளைக் காட்டி மிரட்டினால், அதைச் செய்த அதிகாரிகள் மேல் தடை — இங்கே சொத்து இருந்தால் முடக்கம், விசா கிடையாது. அது வேண்டும் என்று ஸ்காபரோவில் ஒரு கூட்டத்தில் இவள் மைக் பிடித்து நாலு நிமிடம் பேசினாள். யாரோ போனில் படம் எடுத்தார்கள். எங்கள் கூட்டங்களில் யார்தான் எடுப்பதில்லை?

ஐந்தாம் நாள் மன்னாரில் அப்பா வீட்டு வாசலில் சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர். கையில் அந்தப் படம். "உங்கடை மகள்தானே? எப்ப ஊருக்கு வாறா?" மரியாதையாகத்தான் கேட்டார்களாம். பிறகு இன்னும் இரண்டு தடவை வந்தார்கள். கடைசித் தடவை, அவளுடைய தம்பி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார்கள்.

தம்பி அரசாங்க வாத்தியார். இரண்டு சின்னப் பிள்ளைகள். அப்பா கண்ணை மூடிய கையோடு போன் எடுத்து அவன் கேட்டது இதுதான்: "அக்கா, நோட்டீஸிலை உன்ரை பேர் வேண்டாம். உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உவங்களுக்குப் பயந்து பெத்த அப்பாவையே விட்டுக் குடுக்கிறதோ?" என்று கத்திவிட்டேன்.

"பேசினது நான். அடி அவனுக்கல்லோ விழுகுது, அண்ணை."

வீரம் பேச எனக்கென்ன... என் சொந்தமெல்லாம் இங்கே கனடாவில், ரெக்ஸ்டேலில் பத்திரமாக இருக்கிறது! வாயை மூடிக்கொண்டு எழுதினேன். இரண்டு பிள்ளைகள் பெற்ற மனிதருக்கு ஒரு பிள்ளையின் பெயர்.

செத்த வீட்டுக்கு அவள் போகவில்லை. போனால் ஏர்போர்ட்டில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? விடிகாலை அவள் வீட்டு டிவியில் லைவ் போட்டுக்கொண்டு நானும் மனைவியும் கூட இருந்தோம். செபம் நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அவள் என் மனைவியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அண்ணி... தம்பி சொன்ன ஆக்கள் உவங்கள்தான்."

பந்தல் ஓரத்தில் இரண்டு பேர். ஒருவன் கையில் நான் எழுதிய நோட்டீஸ். அவன் நேரே அவளுடைய அம்மாவிடம் போனான். குனிந்தான். ஏதோ கேட்டான். அம்மா நிமிர்ந்து பார்த்தார். செபச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கமெரா சவப்பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு மணித்தியாலம் போன் வரவில்லை. அவள் தேத்தண்ணியைத் தொடவில்லை. நானும்தான்.

கடைசியில் தம்பி எடுத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, நோட்டீஸைக் காட்டி அம்மாட்டைக் கேட்டவங்கள்... மகளின்ரை பேரை ஏன் விட்டனீங்கள் எண்டு."



பிறகு தம்பியே சொன்னான்: "ஒளிச்சும் பிரயோசனமில்லை, அக்கா. இனி உன்ரை பேரை எங்கை போடேலுமோ அங்கை போடு."

போன வாரம் நாடாளுமன்றக் குழுவுக்கு நடந்ததையெல்லாம் எழுதினாள், என் கம்ப்யூட்டரில். பெயரை மறைக்க வேண்டுமா என்று படிவத்தில் ஒரு பெட்டி கேட்டது. அவள் டிக் பண்ணவில்லை. அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள்.

சட்டம் வருமா? வந்தாலும் அந்தப் பள்ளிக்கூட வாசலில் தம்பிக்காக வந்து நிற்குமா? தெரியாது. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான், "இந்தப் பத்தியிலை உன்ரை பேரை மாத்தி எழுதவோ?" என்று கேட்டேன்.

"மாத்தினீங்களோ... பிறகு என்னோடை கதைக்க வேண்டாம்!"

சரி தங்கச்சி. நான் விட்ட வரியை இங்கே சேர்த்துவிடுகிறேன்.

மன்னாரைச் சேர்ந்த காலஞ்சென்ற அந்தோனிப்பிள்ளை அவர்களின் அன்பு மகள் — ஜசிந்தா (கனடா).