ஒரு சாண் நீளமான விறகு

பூமியின் தென்கோடியில் இருக்கிற எங்கள் ஹுவான் பள்ளத்தாக்கில் மாப்பிள்ளை விசாரிக்கப் போனால், குடிப்பானா, சம்பாதிப்பானா என்பதையெல்லாம் பிறகுதான் கேட்பார்கள். விறகு காயப்போட்டு வைத்திருக்கிறானா என்பதுதான் முதல் கேள்வி. அந்த வகையில் மெர்வின் பர்டன் ராஜகுமாரன். நோலாவைப் பெண் கேட்கப் போன அன்று அவர் பூங்கொத்து கொண்டுபோகவில்லை. அரை லாரி தைலமரக் கட்டையைக் கொண்டுபோய் அவள் அம்மா வீட்டு வாசலில் இறக்கினார். அந்த அம்மாள் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தாள். கோயில் மணி மாதிரி கணீரென்றது. உடனே, "கல்யாணத்தை எப்போ வெச்சுக்கலாம்?" என்று கேட்டுவிட்டாள்.

"நான் பின்னாடி கோழிக்குத் தீனி போட்டுட்டிருந்தேன். கை கழுவிட்டு வந்து பார்த்தா எனக்கு நிச்சயம் ஆகியிருந்துச்சு" என்று நோலா இன்றைக்கும் சொல்வாள்.

மெர்வின் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு மிச்சமிருந்த ஒரே காதல் அந்த விறகு அடுக்குதான். வாசல் கதவில் தொடங்கி வேலியோரமாகவே ஓடி, ஆற்றங்கரை வரை போகும். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி அதைச் சிறைச்சாலை மதில் என்று நினைத்து, வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தென்துருவத்திலிருந்து புறப்பட்டு வரும் காற்று அதில் முட்டி, வழி தெரியாமல் பக்கத்து ஊருக்குத் திரும்பிவிடும். எதிர்வீட்டில் இத்தனை வருஷமாகக் குடியிருக்கிறேன். நான் சொன்னால் நம்பலாம். அந்த அடுக்கில் கை வைக்கும் உரிமை மட்டும் நோலாவுக்குக் கிடையாது. அவள் தப்பான பக்கத்திலிருந்து உருவுகிறாளாம்.

அவர்கள் வீட்டுக் கணப்பு மெர்வினின் தாத்தா கட்டியது. அதன் வாய்க்குள் ஒரு கன்றுக்குட்டியைக் கட்டிப் போடலாம். ஒரு முழமும் ஒரு சாணும் நீளமுள்ள கட்டைகளை முழுங்கும். சூட்டில் கால்வாசியை அறைக்குக் கொடுத்துவிட்டு மீதியை ஆகாயத்துக்கு அனுப்பும். எங்களுக்கு நடுக்குளிரான ஜூலை மாதத்தில் அவர்கள் கூரைக்கு மேலே பறந்த வாத்துகள் பாதி வெந்துதான் கீழே இறங்கின. புகை மட்டும் வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும். வருஷத்துக்கு வருஷம் நோலாவின் நெஞ்சு இரைய ஆரம்பித்தது. போன குளிர்காலம் முழுக்க இருமினாள். இருமல் சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது.

வடக்கே வெயில் காயும் குவீன்ஸ்லாந்திலிருந்து மகள் ரேலீன் போன் செய்தாள்.

"அப்பா, இங்க பாரு. வர்ற ஜூலை லீவுக்கு நான் வர்றேன். அம்மா அப்பவும் இப்படி இருமிட்டிருந்தா கையோட கூட்டிட்டு வந்துடுவேன். நீயும் வர்றதா இருந்தா வா. இல்லேன்னா உன் விறகைக் கட்டிப்பிடிச்சுட்டு அங்கேயே கிட."

"அங்க வந்து நான் என்னடி பண்றது? குளிரே கிடையாது!"

"அதுக்காகத்தானே கூப்பிடறேன்!"

நோலாவுக்கும் போக மனசில்லை. அங்கே கரப்பான்பூச்சிகள் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிடும் அளவுக்குப் பெரிது என்பது அவள் கட்சி. ஆனால் மூச்சு வாங்கும்போது கட்சி பேச முடியாதே. மெர்வின் இரண்டு நாள் வேலியோரமாக நடந்தார். மூன்றாம் நாள் ஜோஸிக்குச் சொல்லியனுப்பினார்.

கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்புகளைப் பொருத்துகிறவள் ஜோஸி. பள்ளத்தாக்கில் அவள் ஏறாத கூரை இல்லை. அவள் சிரித்தால் ஓடு நகரும். வந்ததும் முதல் வேலையாகப் புகைபோக்கியைச் சோதித்தாள். மேலேயிருந்து நீளக் கம்புப் பிரஷை விட்டுக் குடைந்தாள். கீழே விரித்திருந்த துணியில் கரி கொட்டியது. ஒரு குருவிக் கூடு விழுந்தது. ஒரு கிரிக்கெட் பந்து விழுந்தது. மெர்வினின் சித்தப்பா தொலைத்த பல்செட்டும் விழுந்ததாக நான் ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை. பிறகு ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"பெருசு, இங்க வந்து பாருங்க. மச்சுக்குப் பக்கத்துல செங்கல் வெடிச்சிருக்கு. பூச்சே இல்ல. புகை அது வழியாத்தான் வீட்டுக்குள்ள இறங்குது. பக்கத்து உத்தரம் பாருங்க, கரிக்கட்டையா நிக்குது."

"எங்க தாத்தா கட்டினதும்மா அது."

"தாத்தா நல்லாத்தான் கட்டியிருக்காரு. இத்தனை வருஷம் எரியாம நின்னதே பெரிசு. அடுப்பை மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்ல. உள்ளுக்குள்ள கூரை வரைக்கும் எஃகுக் குழாய் இறக்கணும்."

"இறக்கு."

கருகிய உத்தரத்தை மாற்றினார்கள். குழாயை இறக்கினார்கள். உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி போட்டாள். பழைய கணப்பின் முன்னால் செங்கல் மேடை போட்டு, சுவருக்கும் அடுப்புக்கும் இடையே வேண்டிய இடம் விட்டு, கறுப்பு அடுப்பை உட்காரவைத்தார்கள். அதைத் தூக்க ஊர்க் கால்பந்துக் குழுவில் பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பாதி நோலாவின் ஆப்பிள் கேக் மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொண்டது.

ஜோஸி தன் வண்டியில் கிடந்த சில்லுகளைப் போட்டுக் கொளுத்தினாள். புகை ஒரு நூல் கூட வெளியே வராமல் குழாயில் ஏறியது. வாசலுக்குப் போய்க் கூரையைப் பார்த்துவிட்டு வந்து, "இழுப்பு அருமை" என்றாள். பிறகு வாய் தவறி ஒன்று கேட்டாள்.

"விறகெல்லாம் இதுக்குத் தோதா இருக்கும்ல, பெருசு?"

பாதிரியாரைப் பார்த்து ஜெபம் தெரியுமா என்று கேட்ட மாதிரி இருந்தது.

"யாரோட விறகைப் பத்திக் கேக்குற?" என்றார் மெர்வின்.

ஜோஸி ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் உறைபனி விழுந்தது. மெர்வின் தன் அடுக்கிலேயே அழகான கட்டையைத் தேர்ந்தெடுத்து வந்து அடுப்பின் வாயில் வைத்தார். போகவில்லை. திருப்பி வைத்தார். கோணலாக வைத்தார். இன்னொரு கட்டை, அப்புறம் இன்னொன்று. ஆற்றங்கரை வரை போன அந்த மதில் முழுக்க ஒரே அளவு. எல்லாமே ஒரு சாண் அதிகம்.

"கட்டை நீளமா இருக்கு" என்றாள் நோலா.

"கட்டை சரியாத்தான் இருக்கு. அடுப்புதான் குட்டை."

கதவைத் திறந்தபடியே, நாய் எலும்பைக் கவ்வின மாதிரி கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, எரித்துப் பார்த்தார். அறை புகைந்தது. நோலா இருமிக்கொண்டே படுக்கையறைக்குப் போய் இரண்டு கம்பளிக்குள் புகுந்துகொண்டாள். மெர்வின் ஜோஸிக்குப் போன் செய்தார்.

"அடுப்பைத் திருப்பி எடுத்துட்டுப் போ. சின்னதா இருக்கு."

"பெருசு, அதைவிடப் பெரிசா வெச்சா அந்த அறையில நீங்க ரெண்டு பேரும் வெந்துடுவீங்க. விறகை வெட்டுங்க."

"என் விறகையா?"

போனை வைத்துவிட்டார். ஊருக்கு விஷயம் தெரிய ஒரு பகல் போதுமானதாக இருந்தது. அவர் பீர் குடிக்கப் போனால், "மெர்வ், ஒரு சாண் மிச்சம் இருந்தா இந்தப் பக்கம் தள்ளேன்" என்று குரல் வரும். அவர் பாதி கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குளிர்ந்த அடுப்பின் முன்னால் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். தாத்தா காலத்து அளவு. அதை வெட்டினால் அத்தனை வருஷமும் தப்பாக வெட்டியதாக ஆகிவிடுமாம். ஒரு வாரம் இப்படியே போனது. நோலா உதடு நீலம் பாரித்து என் வீட்டுக்கு வந்தாள்.

"என்னைப் பெட்ரோல் பங்க்குக்குக் கூட்டிட்டுப் போறியா?"

"எதுக்கு?"

"அங்க வலைப்பையில விறகு விக்கிறாங்க."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் பங்க்கில் விறகு வாங்குவது, கடலோரம் குடியிருப்பவன் டப்பா மீன் வாங்குவது போல. கூடாரம் அடிக்க வரும் பட்டணத்துக்காரர்கள் மட்டும்தான் வாங்குவார்கள். காரை உடனே எடுத்தேன். திரும்பி வரும்போது ஊருக்குள் ரொம்ப மெதுவாக ஓட்டினேன். நோலா அந்தச் சிவப்பு வலைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடைவாசல்களைப் பார்த்து ராணி மாதிரி கையசைத்தாள். மெர்வின் பர்டன் பெண்டாட்டி விறகு வாங்கினாள்! தபால்காரர் சைக்கிளோடு பள்ளத்தில் இறங்கிவிட்டார்.

வாசலில் மெர்வின் நின்றிருந்தார். பையைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஈர மண்ணாங்கட்டி மாதிரி 'தொப்' என்றது.

"இதையா எரிக்கப் போறே?"

"எது உள்ள போகுதோ அதை எரிப்பேன்" என்றாள் நோலா.

அவர் நேரே கொட்டகைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மோட்டார் ரம்பம் உறுமியது.

ஜூன் மாதம் முழுக்க அந்தச் சத்தம்தான். முதல் கட்டையை வெட்டியபோது முகம் பல் பிடுங்கினவர் மாதிரி இருந்தது. பத்தாவது கட்டையில் சரியாகிவிட்டது. நோலா தலைக்குக் குல்லாய் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டையிலும் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தாள். அந்த அடுக்கில் அவள் கை பட்டது அதுதான் முதல் தடவை.

"கோடு கோணலா இருக்குடி."

"உன் கண்ணு கோணல். வெட்டுய்யா."

வெட்ட வெட்ட இரண்டு அடுக்குகள் வளர்ந்தன: முழக் கட்டை ஒன்று, சாண் துண்டு ஒன்று. துண்டுகள் அடுப்பில் நின்ற வாக்கில் அழகாகப் போய் உட்கார்ந்தன. காலையில் இரண்டு துண்டு போட்டால், மத்தியானம் வரை கண்ணாடிக்குப் பின்னால் நீல ஜுவாலை ஆடும். புகை கிடையாது. கெட்டில் அதன் தலையிலேயே கொதித்தது.

ஜூலையில் ரேலீன் வந்தாள். மெல்லிய சட்டை, ஒரு கைப்பை, அம்மாவின் துணிகளை வைக்க ஒரு பெரிய காலிப் பெட்டி. "முதல்ல டிக்கெட் விஷயம் பேசணும்" என்று சொல்லிக்கொண்டே அடுப்பின் முன்னால் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். வாய் திறந்தபடி தூங்கிப் போனாள். ஆட்டுக்கறி சூப்புக்கு எழுப்பினார்கள். குடித்துவிட்டு மறுபடி தூங்கினாள். எழுந்தபோது வேறு நாளாக இருந்தது என்று நான் சொல்கிறேன். அடுத்த வாரம் என்றுகூடச் சொல்வேன், அவள் சண்டைக்கு வரமாட்டாள் என்றால்.

எழுந்தவள் உபகாரமாக இருக்கட்டும் என்று வெளியே போய், கை நிறைய விறகு கொண்டுவந்தாள். மெர்வின் நாற்காலியிலிருந்து துள்ளினார்.

"எந்தப் பக்கத்துலேருந்து எடுத்தே? ஆத்துப் பக்கத்துலேருந்தா? அது அடுத்த வருஷத்துக்குடி!"

"விறகுதானேப்பா!"

"விறகுதானேவா? நோலா, கேட்டியா உன் மக சொல்றதை?"

நோலா சிரிக்க ஆரம்பித்தாள். நானும் அங்கே டீயோடு இருந்தேன். போன வருஷம் என்றால் அவள் சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறி, மடங்கி உட்கார்ந்துவிடுவாள். மெர்வின் கத்துவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். ரேலீன் விறகைக் கீழே வைக்காமல் நின்றாள். நோலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் சிரித்தாள்.

"என்ன எல்லாரும் என்னையே பாக்கறீங்க? யாராவது அந்த ஜன்னலைத் திறங்க, புழுங்குது" என்றாள்.

ரேலீன் ஜன்னலைத் திறந்தாள். பிறகு உள்ளே போய், அந்தப் பெரிய பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு வந்தாள். நாற்காலியை அடுப்புக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னொரு கிண்ணம் சூப் கேட்டாள்.