மேட்டு ஊரில் பள்ளத்து வீடு

பெங்களூரில் விவேக் நகரைத் தாண்டிச் சரிவாக இறங்கும் தெருக்களில், வீட்டு கேட்டுகளின் இரண்டு பக்கத் தூண்களிலும் முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்புச் சட்டம் பதித்திருப்பார்கள். நடுவில் பள்ளம் விட்ட சட்டம். எதிரும் புதிருமாக, எதற்கோ காத்திருப்பதுபோல் நிற்கும். ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு இருந்தபோது மாலை நடையில் அதைப் பார்த்துக்கொண்டே போவேன். நாய் உள்ளே வராமலிருக்க ஏதோ ஏற்பாடு என்று ஒருநாள் தோன்றும். தேர்பவனிக்குத் தோரணம் கட்டவோ என்று இன்னொரு நாள். கடலூர்க்காரன் புத்தி அதற்கு மேல் போகவில்லை. மின்விசிறி இல்லாமல் தூங்க முடிகிற ஊர் இது. கடலுக்கு மேலே இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு வெள்ளத்தைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களும் இப்போது அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்.

என் மனைவி செல்விக்குத் தரைத்தள வீடுதான் வேண்டும். அவள் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறாள். மாடியில் மெஷின்கள் ஓடினால் கீழ்வீட்டுக்காரர்கள் கூரையைத் தட்டுவார்கள். அவர்கள் தட்டித் தட்டியே நாங்கள் வீடு மாறிக்கொண்டிருந்தோம். இனி யாரும் தட்டாத, சொந்தமாக ஒரு வீடு. அந்தச் சரிவுத் தெருவில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசையில் ஒன்று விலைக்கு வந்தது. எங்கள் கைக்கு எட்டுகிற விலை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. சிறுகச் சிறுகச் சேர்த்த சேமிப்பு மொத்தமும் அதில் போய் உட்காரப் போகிறது. வீடு நன்றாக இருந்தால் அவளுடைய வகுப்பு நிலைக்கும், இல்லையென்றால் மறுபடியும் வாடகைப் படிக்கட்டுகள்.

கடன் வாங்கும் இடத்தில் இன்சூரன்ஸும் கேட்டார்கள். அதற்காக மஞ்சுநாத் என்ற ஏஜென்ட் வீட்டைப் பார்க்க வந்தார். கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். "வெள்ளத்துக்கும் சேத்து கவர் இருக்கு சார், ஏன் டென்ஷன்" என்றார். "பக்கத்தில் ஆறே இல்லையே" என்றேன். "ஆறு எதுக்கு சார், கெரே போதும்." ஏரி எங்கே என்று சுற்றிலும் பார்த்தேன். அவர் எதிரே நின்ற அடுக்குமாடிகளைக் கை நீட்டிக் காட்டி, "அதுதான் சார் கெரே" என்றார். நல்ல நகைச்சுவை என்று நான் சிரித்தேன். ஏரியைத் தூர்த்துக் கட்டியவை அவை என்பது எனக்குப் புரிந்துவிட்டது என்று அவரும் சிரித்தார். இரண்டு பேரும் மிகத் திருப்தியாகப் பிரிய இருந்தோம்.

செல்வி விடவில்லை. அவள் கேள்வி கேட்பது துணியை வெட்டுவது மாதிரி. வெள்ளம் வந்தால் எதற்குக் காசு வரும்? கட்டடத்தைத் திரும்பக் கட்ட வரும், நிலத்தின் விலைக்கு வராது. கட்டில், பீரோ? வீட்டுச் சாமான் என்று சேர்த்துக்கொண்டால் வரும். சுவர் வருஷக்கணக்காக ஓதம் ஏறி உதிர்ந்தால்? அது வெள்ளம் இல்லை, வராது. "என் மெஷினுங்க?" மஞ்சுநாத் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது பிசினஸ் மேடம். அதுக்கு வேற பாலிசி." செல்வி என்னைப் பார்த்தாள். "ஏங்க, மழையில பாக்காம நான் கையெழுத்து போடமாட்டேன்."

மழை சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. பெங்களூர் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. எங்கள் கடற்கரையில் மழை என்றால் கூண்டு ஏற்றுவார்கள், வானொலி புயலைப் பெயர் சொல்லிக் கூப்பிடும், ஊரே முறுக்குச் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கும். இங்கே வெயிலில் துணி காய்ந்துகொண்டிருக்கும்போதே வானம் யாரோ கவிழ்த்த குடம். ஆட்டோக்காரர் பள்ளத்துக்கு இறங்க மாட்டேன் என்று மேட்டிலேயே நிறுத்திவிட்டார். ஓனரிடம் வாங்கிவைத்திருந்த சாவியோடு நனைந்துகொண்டு இறங்கினோம். தெரு முழுக்க எல்லா கேட்டிலும், அந்தச் சட்டங்களுக்கு நடுவில், ரப்பர் விளிம்பு வைத்த தகரப் பலகைகளைச் சொருகிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பார்க்க வந்த காலி வீட்டுக்கும் ஓர் அம்மா பலகை சொருகிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. "ஆள் இல்லாத வீட்டுக்குத்தான் மொதல்ல போடணும். ஒரு வீடு விட்டா லைன் பூரா போச்சு" என்றார். அவர் தன் வீட்டுக்கு ஓடினார். நாங்கள் பலகையைத் தாண்டி உள்ளே போனோம்.

முன்கதவுக்கு உள்ளே தரை காய்ந்திருந்தது. பாத்ரூமில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. மேலிருந்து வரும், முன்னாலிருந்து வரும் என்றுதான் நான் தண்ணீரை அறிவேன். கீழிருந்து, கழிவுநீர்க் குழாயிலிருந்து, கறுப்பாகக் கொழகொழவென்று ஏறிவரும் தண்ணீரை அன்றுதான் பார்த்தேன். அது கூடத்துக்கு வந்தது. என் கை தானாக வேலை செய்தது. தென்பெண்ணை பெருகும்போது அப்பா செய்தது ஒன்றே ஒன்றுதான்: முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்துவிடுவார். தண்ணீர் முன்னால் நுழைந்து பின்னால் போகும், மண்சுவர் பிழைக்கும். பரணில் உட்கார்ந்து, எங்கள் அண்டாவும் அடுத்த வீட்டு அண்டாவும் கூடத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொள்வதைப் பார்த்து நானும் தம்பியும் கைதட்டியிருக்கிறோம். பின்கதவைத் திறந்தேன். முன்கதவைத் திறந்தேன். கேட்டுக்குப் போய்ப் பலகையையும் உருவினேன்.

தெரு உள்ளே வந்தது. கூடத்தைக் கடந்து, பின்கதவு வழியாக வெளியேறி, வரிசை வீடுகளுக்குப் பொதுவான பின்சந்தில் திரும்பி, பின்பக்கம் பலகையே இல்லாத ஸ்டெல்லா அக்கா வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தது.

"யோவ் சார், மூளை கீளை இருக்கா? நாங்க லைன்ல இருக்கறவங்க அத்தன பேரும் முட்டுக் குடுத்து நிறுத்தி வெச்சிருக்கோம், நீங்க ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிடுறீங்க."

"எங்க ஊர்ல இப்படித்தான் அக்கா, தொறந்துவிட்டா போயிடும்."

"உங்க ஊர்ல போறதுக்கு சமுத்திரம் இருக்கு. இங்க எங்க போவும்? என் கிச்சனுக்குத்தான் போவும்."

அக்காவும் நானும் பலகையைத் திரும்ப அழுத்தினோம். செல்வி பாத்ரூம் ஓட்டையில் அக்கா கொடுத்த மணல் மூட்டையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாள். நின்றபடியே சிரித்தாள். அடக்க அடக்க வரும் சிரிப்பு. "தொறந்துவிட்டா போயிடுமாம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கடைசியில் ஸ்டெல்லா அக்காவும் தாங்காமல் சிரித்துவிட்டார். மழை விட்டபின் அவர் சமையலறையை நான்தான் துடைத்தேன். டீ கொடுத்துக்கொண்டே, "சும்மனே சொல்றேன்னு நெனைக்காதீங்க. வாங்குறதுன்னா வாங்குங்க. ஆனா அந்தக் கதவத் தொறக்கற பழக்கத்த ஆத்துப் பக்கமே விட்டுட்டு வாங்க" என்றார்.

வழியில் செல்வி சொன்னாள்: "வாங்கலாங்க." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இந்த வீட்ல தண்ணி எங்கேர்ந்து வரும்னு பாத்துட்டோம். மத்த வீட்ல எல்லாம் ஓனர் சொல்றதத்தான நம்பணும்? அதுவும் இல்லாம, ஆளே இல்லாத வீட்டுக்கு மொதல்ல பலகை போடற தெரு வேற எங்க இருக்கு?"

வாங்கிவிட்டோம். குழாயில் தண்ணீர் திரும்பி ஏறாமலிருக்க ஒரு வால்வு. ஸ்விட்சுகள் இடுப்பு உயரத்துக்கு மேல். மெஷின்களுக்கு சிமெண்ட் மேடை. வீட்டுக்கு ஒரு பாலிசி, மெஷின்களுக்கு இன்னொன்று. இரண்டிலும் மஞ்சுநாத் இனிஷியலைத் தப்பாகப் போட்டு, செல்வி திருப்பி அனுப்பி, சரியாகி வந்தது. இந்த வருஷ மழையில் வரிசையோடு வரிசையாக நானும் பலகை சொருகினேன். தண்ணீர் கேட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு நின்றது. கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

அன்று தம்பி கடலூரிலிருந்து போன் செய்தான். "அண்ணே, அங்க மழையா? ஆத்துல தண்ணி ஏறுது. மேல உங்க பக்கத்துலேர்ந்துதான் வருதாமே?" சிரித்துவிட்டு வைத்தேன். பிறகு மேப்பை விரித்துப் பார்த்தேன். எங்கள் தெருவின் பின்னால் ஓடும் ராஜகாலுவே என்கிற பெரிய கால்வாய், கீழே வேறோர் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரி அடுத்த ஏரிக்கு. அங்கிருந்து ஓர் ஆறு ஒசூர்ப் பக்கம் இறங்கி, அணைகளைத் தாண்டி, பெயர் மாறித் தென்பெண்ணையாகி, எங்கள் கடலூரில் கடலைத் தொடுகிறது. ஸ்டெல்லா அக்கா சொன்ன சமுத்திரம் இந்தத் தண்ணீருக்கும் இருக்கிறது. நடுவில் என் தம்பியும் இருக்கிறான்.

மழை விட்டதும் தெருவே வைப்பரோடு வாசலில் இறங்கியது. மிச்சத் தண்ணீரைக் கால்வாய் வாய்க்குத் தள்ளிக்கொண்டிருந்தோம். என் கை பாதியில் நின்றது.

"என்ன சார், தள்ளுங்க. கை வலிக்குதா?" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"இல்லக்கா, மெதுவா தள்ளுறேன். கீழ தம்பி வீடு இருக்கு."