நுரை உரித்த டயர்

அந்த மின்காரை வாங்கிய நாளிலிருந்தே ஹால்வருக்கு அதன்மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. வாழ்நாள் முழுவதும், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து கிடக்கும் ஃபியோர்டைக் கடக்கும் படகில், இன்ஜின் அறையில் சீஃப் இன்ஜினியராக வேலை பார்த்த மனிதர். காது நிறைய இரைச்சல் இருந்தால் எல்லாம் நன்றாக ஓடுகிறது, சத்தம் அடங்கினால் எங்கேயோ கெட்டுவிட்டது. அவர் கற்ற பாடம் அதுதான். ஆனால் மனைவி ரக்னாவுக்கு ஒற்றைத் தலைவலி. கதவை ஓங்கிச் சாத்தினாலே இரண்டு நாள் படுத்துவிடுவாள். அவளுக்காக, இருப்பதிலேயே சத்தமில்லாத காராகப் பார்த்து வாங்கினார்கள். டயருக்குள்கூட நுரை ஒட்டியிருக்கிறது, சாலையின் உறுமல் உள்ளே வராது என்று விற்றவன் பெருமையடித்துக்கொண்டான். ரக்னா பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். யார் வீட்டு ஆடு, யார் மகளுக்கு யார், பாதிரியாருக்குப் பிரசங்கம் ஏன் நீண்டுபோகிறது, எல்லாம் வரும். அதனால் அந்தக் காரின் அமைதியை ஹால்வர் ஒருநாளும் கேட்டதில்லை.

ரக்னா போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இப்போது கேட்கிறார்.

அடக்கம் முடிந்த வாரமே அடுத்த வீட்டு யோர்டிஸ் வந்து வாசலில் நின்றாள். அவளும் கணவனை இழந்தவள்தான். ஒரு காலத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டியவள், கை இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும். "சனிக்கிழமை பால்கஞ்சி வைப்பேன். வந்து சாப்பிடேன்" என்றாள். ஹால்வர், "வேண்டாம் யோர்டிஸ், உனக்கெதுக்குத் தொந்தரவு" என்றார். "சரி" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நம் வீடுகளில் என்றால் அந்த 'வேண்டாம்' ஒரு பேச்சுக்கு. கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, தட்டில் போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. இந்த ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒருவரை இரண்டாம் முறை கேட்பது அவர்மேல் விழுந்து பிடுங்குவது போல. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதை இவர்கள் தாய்ப்பாலோடு குடித்துவிடுகிறார்கள்; அப்புறம் ஆளுக்கொரு வீட்டில் தனித்தனியாக உட்கார்ந்து செத்துப்போகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த ஹால்வருக்கு இந்தக் கணக்கு தெரியாமலில்லை. ஆனாலும் அவள் இன்னொரு முறை கேட்பாள் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தார். சனிக்கிழமைதோறும் அவள் சமையலறை ஜன்னலில் ஆவி படிவதைப் பார்ப்பார். அந்த மேசையில் ஒரு நாற்காலி வேண்டும் அவருக்கு. வேறு எதுவும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அவரே கஞ்சி வைத்துப் பார்த்தார். அரிசியைப் பாலில் குழையவிட்டு, வழக்கப்படி ஒரே ஒரு பாதாமை உள்ளே போட்டார். யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்குப் பரிசு. நாலாவது கரண்டியில் பல்லில் தட்டியது. வேறு யாருக்குப் போகும்? அந்தப் பரிசுக்கென்று மேசைமேல் வாங்கி வைத்திருந்த, பாதாம் மாவில் செய்த மர்சிபான் பன்றிப் பொம்மையைப் பிரிக்கவும் மனமில்லாமல், அப்படியே அலமாரியில் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், மளிகைக் கடையை ஒட்டிய காப்பிக்கடையில் கஞ்சி சாப்பிட ஆரம்பித்தார். அங்கே யாரும் பேசுவதில்லை என்றாலும் கரண்டிச் சத்தமாவது கேட்கும்.

ஈஸ்டர் முடிந்த ஒரு சனிக்கிழமை, அப்படிப் போகும் வழியில்தான் டயர் காற்றுப்போனது. குளிர்காலத்தில் பனியில் வழுக்காமலிருக்கச் சாலையில் கொட்டிய சரளை இன்னும் வாரப்படவில்லை. அதில் எவனோ ஒரு திருகாணியையும் சேர்த்துக் கொட்டியிருந்தான். திரையில் மஞ்சள் விளக்கு எரிந்ததும் ஓரங்கட்டினார். இந்தக் காரில் மாற்றுச் சக்கரம் கிடையாது. பின்பக்கம் ஓட்டையை அடைக்க ஒரு பாட்டில் பசையும் சின்ன பம்பும் மட்டும் உண்டு. அந்தப் பசையை உள்ளே விட்டால் நுரையெல்லாம் ஊறி டயர் குப்பைக்குத்தான் என்று டயர்கடைத் தூர்மோத் முன்பே எச்சரித்திருந்தான். அவனுக்கே போன் செய்தார்.

"சீஃபு! இன்னிக்கா பாத்து? ஊரே குளிர்கால டயரக் கழட்டிட்டுக் கோடைக்கால டயர் மாத்த வந்து நிக்குது. மத்தியானத்துக்கு மேல ஆயிடும். கூட்டிட்டுப் போக ஆள் இருக்கா?"

"அதெல்லாம் இருக்கு. நீ உன் வேலையப் பாரு."

இல்லவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. சாலையோரத் தடுப்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு நின்றார். கீழே தண்ணீரில் புது மின்படகு சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவர் இருந்த படகு என்றால் மலை இரண்டும் எதிரொலிக்கும்.

அப்போதுதான் யோர்டிஸின் நீல வேன் வளைவில் திரும்பியது. அவரைப் பார்த்ததும் வேகம் குறைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவள் கட்டைவிரலைத் தூக்கி, புருவத்தை உயர்த்தினாள்: எல்லாம் சரிதானே?

ஹால்வரின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே மேலே போய்விட்டது. எல்லாம் சரி!

வேன் தலையாட்டிவிட்டுப் போவதுபோல நகர்ந்து, வேகமெடுத்து, மறைந்தது.

"அட மடையா" என்று உரக்கச் சொன்னார். உருகிய பனிச்சேற்றில் நின்று கால் விறைக்கிறது, வயிறு பசிக்கிறது, இரண்டு வருடமாக எந்த மனுஷி கேட்க வேண்டும் என்று ஏங்கினோமோ அவளே நடுரோட்டில் வந்து கேட்டுவிட்டுப் போகிறாள். விரலைத் தூக்கிக் காட்டி அனுப்பியாயிற்று. அந்த விரலை வெட்டிப்போட்டால் தேவலை என்றிருந்தது. அழுகை வந்தது. வெட்கக்கேடு என்று தடுப்புக் கம்பிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார், பார்க்க ஆளில்லை என்றாலும்.

மத்தியானம் என்று சொன்ன தூர்மோத் கொஞ்ச நேரத்திலேயே வண்டியோடு வந்து இறங்கினான். ஜாக்கிக்குமேல் ரப்பர் கட்டையை வைத்து, காரின் அடியில் குனிந்து சரியான இடம் தேடினான். அடிவயிறு முழுக்க பாட்டரி. இரண்டு விரல் தள்ளி முட்டுக்கொடுத்தால் புதுக் காரே வாங்க வேண்டியதுதான்.

"கூட்டம்னு சொன்ன?" என்றார் ஹால்வர்.

"யோர்டிஸ் கடைக்குள்ள வந்து கத்திட்டுப் போச்சு. 'அவனுக்கு ஒண்ணும் வேண்டாமாம், விரலத் தூக்கிக் காட்டிட்டான். நீ போ, அங்கேயே உறைஞ்சு கெடக்கப் போறான்'னு. வரிசையில நின்னவங்க எல்லாம் என்னயப் பாக்குறாங்க. போகாம என்ன பண்றது?"

"அவளே நின்னிருக்கலாமே."

தூர்மோத் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். "நல்லா இருக்கே கத! நீங்க வேண்டாம்னு சொல்லுவீங்களாம், அது நிக்கணுமாம். அது ஒருக்காதான் கேக்கும் சீஃபு. அதுக்கு மேல கேட்டா உங்களுக்குத் தொந்தரவுன்னு நினைக்கும்."

கழற்றிய சக்கரத்தோடு ஹால்வர் தூர்மோத்தின் வண்டியில் ஏறிக் கடைக்குப் போனார். அங்கே நீளச் சோபாவில் மூன்று பேர், ஒருவரை ஒருவர் தொட்டுவிடாத தூரத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெண்டியைத் தூக்கியபடி தூர்மோத், "காப்பி?" என்றான். "வேண்..." என்று ஆரம்பித்த ஹால்வர் நிறுத்திக்கொண்டார். "குடு" என்றார். சொன்னதும் முகம் சிவந்தது.

டயரை விளிம்பிலிருந்து பிரித்து ஓட்டையை உள்ளிருந்து அடைத்தபின் தூர்மோத் கையில் கறுப்பாக ஒரு நீள நுரைப்பஞ்சுப் பட்டையோடு வந்தான். "இது கிழிஞ்சிடுச்சு. பாதிய விட்டா சக்கரம் ஆடும், அதனால மொத்தமா உரிச்சுட்டேன். ஓட்டுறதுக்கு ஒரு கெடுதியும் இல்ல. சத்தம் மட்டும் கொஞ்சம் வரும். பிடிக்கலன்னா சொல்லுங்க, புது டயர் வரவழைக்கிறேன்."

திரும்பக் கொண்டுபோய்ச் சக்கரத்தை மாட்டிவிட்டு அவன் போனதும் ஹால்வர் காரை எடுத்தார். முதலில் ஒன்றுமில்லை. வேகம் ஏறியதும் முன்பக்கத்து வலது மூலையிலிருந்து ஒரு முனகல் கிளம்பி, மெல்ல மெல்ல உறுமலாக வளர்ந்தது. என்ன இது என்று காதைத் தீட்டினார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. பழைய இன்ஜின் அறைக்குள் காலை வைத்ததுபோல உடம்பு தளர்ந்தது. "இதக் கேட்டா உனக்கு மண்ட வெடிச்சிருக்கும் ரக்னா" என்று பக்கத்துச் சீட்டைப் பார்த்துச் சொன்னார். சத்தத்துக்கு மேலாகச் சொல்ல வேண்டியிருந்ததால் குரல் பெரிதாக வந்தது. காருக்குள் தன் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று. சீட் காலியாகத்தான் இருந்தது. அந்தக் கணம் அது அவரை முன்னெப்போதையும்விட அதிகமாக வாட்டியது.

காப்பிக்கடைக்குப் போகவில்லை. வீட்டுப் பக்கம் திருப்பினார்.

யோர்டிஸ் முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். சமையலறை ஜன்னலில் ஆவி படிந்திருந்தது. வழக்கம்போல அவள் கையைத் தூக்கினாள், வழக்கம்போல அவரும் தூக்கிவிட்டுப் போயிருக்கலாம். வண்டியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார்.

"என்ன?" என்றாள் அவள்.

"முன்சக்கரத்துல ஏதோ சத்தம். என்னன்னு புரியல. நீ பேருந்து ஓட்டினவளாச்சே, உனக்குத் தெரியும்." பொய். என்ன சத்தம் என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும் அவருக்கு. "கொஞ்சம்... கொஞ்ச தூரம் கூட வந்து கேட்டுச் சொல்றியா? எனக்கு உதவி வேணும்."

கடைசி மூன்று வார்த்தைகளை அவர் யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை.

யோர்டிஸ் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். கையுறைகளைக் கழற்றி விறகின்மேல் வைத்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, மரச்செருப்போடே வந்து ரக்னாவின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். "போ" என்றாள்.

ஃபியோர்டை ஒட்டிய சாலையில் வேகம் ஏறியது. உறுமல் கிளம்பியது. அவள் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஹால்வருக்கு வியர்த்தது. பேருந்து ஓட்டியவள், அடுத்த நொடி விஷயத்தைச் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பச் சொல்லப்போகிறாள்.

"கேக்குதா?"

"ம்ஹூம். இன்னும் சரியாப் பிடிபடல."

சுரங்கப்பாதை வந்தது. பாறைச் சுவர்களில் பட்டு அந்த ஒற்றைச் சக்கரத்தின் சத்தம் பத்து மடங்காகித் திரும்பியது. கார் முழுவதும் அதிர்ந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்க வழியில்லை. யோர்டிஸ் அவர் பக்கம் சாய்ந்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

"ஒண்ணுமே கேக்கல ஹால்வர்! இன்னும் கொஞ்ச தூரம் போ!"